ஒரு விண்மீனுக்கு இரண்டு முகவரி

ஜூன் 3

எண்ணிறந்த ஒளிகளுக்கெல்லாம் இடம் தந்துவிட்டு, தனக்கென்று ஓர் இடமும் கொள்ளாத பெருமானே, இப்புதிய ஏட்டின் முதற்பக்கத்தை உன் திருவடியில் வைக்கிறேன். கண் மங்காதிருக்கட்டும், கை நடுங்காதிருக்கட்டும், நாக்கு மட்டும் சற்று அடங்கியிருக்கட்டும்.

மூன்றாவது வேண்டுதல் என்னவருடையது. "கேக்குறதுதான் கேக்குற, அதையும் சேர்த்துக் கேளு" என்றார். சேர்த்துவிட்டேன்.

திருநூல்களுக்கும் பழஞ்செய்யுள்களுக்கும் பிழை திருத்தியே பதிப்பகத்தில் என் ஆயுள் கழிந்தது. ஓய்வு பெற்ற பின் திருத்துவதற்கு ஒன்றும் கிட்டாமல், மளிகைச் சீட்டையும் மருந்துக் கடை ரசீதையும் திருத்திக்கொண்டிருந்தேன். மகன் கப்பலிலிருந்து அனுப்பும் செய்திகளையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் மருமகள்தான் வழி சொன்னாள். அவள் வானாய்வுக்கூடத்தின் படக் காப்பகத்தைக் கவனித்துக்கொள்பவள்.

"அத்தை, எங்க காப்பகத்துக்கு வாங்க. அங்க திருத்துறதுக்கு மலை மாதிரி கிடக்கு. எவ்வளவு திருத்தினாலும் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டாங்க."

"மருமககிட்ட வேலைக்குச் சேர்ற முதல் மாமியார் நீதான்" என்றார் என்னவர். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஒலிப்பான் அடிக்காமல் பேசத் தெரியாது.

நாளை முதல் நாள்.

ஜூன் 6

குளிரூட்டிய நீண்ட அறை. இரும்பு அலமாரிகளில் காகித உறைக்குள் கண்ணாடித் தகடுகள் செங்குத்தாக நிற்கின்றன. முன்னாளில் தொலைநோக்கியின் வழியே வானத்தைக் கண்ணாடியில்தான் பிடித்தார்களாம். தகட்டைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வானத்தில் கறுப்பு விண்மீன்கள். மிளகுப்பொடி சிந்தியது போல.

அவற்றை எடுத்து வருபவரைப் பூனைக்கால் என்று அழைக்கிறார்கள். ஆள் கதவு நிறைய இருப்பார்; நடந்து வருவது காதில் விழாது. தகட்டை ஒளிவருடியில் கிடத்தி, அதைக் கணினிக் கோப்பாக்குவது அவர் வேலை. அக்கோப்பின் தலைப்பகுதியைச் சரிபார்ப்பது என் வேலை.

ஒவ்வொரு படத்திற்கும் மேலே எழுத்தாலான ஒரு தலைப்பகுதி இருக்கிறது. எந்த வரியும் எண்பது எழுத்துக்கு மிகாது. குறைந்தால் வெற்றிடம் இட்டு நிரப்ப வேண்டும். முதலில் ஒரு சொல், பின் அதன் மதிப்பு, பின் ஒரு சாய்கோடு. சாய்கோட்டுக்கு முன்னிருப்பதை இயந்திரம் படிக்கும்; பின்னிருப்பது மனிதருக்கான விளக்கம். மூலமும் உரையும் ஒரே அடியில்! எந்தப் புலவர் இருந்து வகுத்தாரோ என்று வியந்தேன்.

எல்லாக் கோப்புக்கும் முதல் வரி ஒன்றே. தமிழில் சொன்னால், "எளிமை — மெய்." இதனினும் சுருக்கமான கடவுள் வாழ்த்தை நான் கண்டதில்லை. பூனைக்காலிடம் சொன்னேன், "இதை எழுதினவர் பெரிய பக்தரா இருக்கணும்."

"இல்லைங்கம்மா. இந்தக் கோப்பு விதிப்படி ஒழுங்கா இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற வரி அது."

"நானும் அதையேதான் சொல்றேன்."

ஜூன் 11

வேலை பிடிபட்டுவிட்டது. என் பேதைமை மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

மண்ணில் ஓர் ஊருக்கு இரண்டு எண் சொன்னால் போதும் என்று மகன் கப்பலிலிருந்து சொல்வான். கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று. வானத்துக்கும் அவ்வாறே. படத்தின் நடுப்புள்ளி வானத்தில் எங்கே விழுகிறது என்பதைத் தலைப்பகுதியில் இரண்டு வரிகள் சொல்கின்றன. அவை பிழையானால் படம் முழுவதும் முகவரி மாறிய கடிதம்.

பிழைதான் மிகுதி. அந்நாளில் படம் எடுத்தவர், குளிரில் விறைத்த விரலோடு உறைமேல் கிறுக்கிய எண்ணையே கோப்பிலும் ஏற்றியிருக்கிறார்கள். தொலைநோக்கி அதிலிருந்து சற்று நகர்ந்தே நின்றிருக்கும். ஆகவே படத்திலுள்ள விண்மீன்களை, விண்மீன்களின் இடம் குறித்த அட்டவணையோடு பொருத்திப் பார்த்து, உண்மையான எண்ணைக் கணக்கிட்டு எழுத வேண்டும். கணக்கை இயந்திரம் செய்கிறது. பொருத்தம் மெய்தானா என்று பார்ப்பது கண். கண் என்னிடம் உண்டு.

பழைய எண்ணை அழிக்கத்தான் மனம் ஒப்பவில்லை. ஒரு செய்யுளுக்கு இரு சுவடிகளில் இரு வடிவம் கிடைத்தால், பதிப்பாசிரியர் ஒன்றை மறைக்கலாகாது; இரண்டையும் தர வேண்டும். இஃது என் ஆசிரியர் எனக்கிட்ட ஆணை. எனவே பழைய வரியை இருந்தபடியே விட்டு, அதன் கீழே அதே சொல்லோடு புதிய வரியை எழுதுகிறேன். எழுதிய பின் படத்தை எங்கள் நிரலில் திறந்து பார்க்கிறேன். விண்மீன்கள், அட்டவணைப்படி நிரல் வரையும் வட்டங்களுக்குள் போய் அழகாக அமர்கின்றன.

குளிரில் நின்று எழுதியவரின் கையும் வாழ்கிறது, உண்மையும் வாழ்கிறது. நல்ல ஏற்பாடு.

ஜூன் 12

கழுத்து வலி. மனம் தித்திப்பு.

ஜூன் 18

மருமகள் இன்று என்னைத் தன் மேசைக்கு அழைத்து இரண்டு படங்களைக் காட்டினாள். ஒரே வானப் பகுதி. ஒன்றில் நடுவே கொழுத்த ஒரு புள்ளி. மற்றதில் அவ்விடம் வெறுமை.

"இந்த மீன் வெடிச்சிருக்கு அத்தை. கொஞ்ச நாள் தகதகன்னு இருந்துட்டு மங்கிப் போயிருக்கு. அன்னைக்கு உலகத்துல ஒருத்தர்கூட கவனிக்கலை. இந்தக் கண்ணாடி மட்டும் பார்த்திருக்கு."

"இப்ப அங்க என்ன இருக்கும்?"

"அதுதான் தெரியணும். உடம்பு மிச்சம் இருக்கும். சுத்தி ஊதித் தள்ளின புகை இருக்கும். பெரிய தொலைநோக்கி வேணும்."

பெரிய தொலைநோக்கி உலகின் மறுபக்கத்தில், ஒரு மலைமேல் இருக்கிறது. அதில் நேரம் கேட்டு அவள் மும்முறை விண்ணப்பித்து, மும்முறையும் மறுக்கப்பட்டாள். "உறுதியில்லாத இலக்கு" என்று ஒரே பதிலாம். நான்காவது விண்ணப்பம் போயிருக்கிறது. சாப்பிடும்போதும் கைப்பேசியைத் தட்டின் அருகில் வைத்திருக்கிறாள்.

பெருமானே, இவள் கேட்பது பொன்னன்று, பொருளன்று. ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவ்வளவே.

ஜூன் 25

கிடைத்துவிட்டது! ஒரு மணி நேரம். ஜூலை பதினான்கு.

சமையலறையில் அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நானும் சுற்றினேன். என்னவர், "ரெண்டு பேரும் இறங்குங்க, ஸ்டாப் வந்தாச்சு" என்றார்.

ஜூலை 2

அந்த விண்மீனை நடுவில் வைத்து வெட்டியெடுத்த சிறு படத்தின் தலைப்பகுதியை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது. உறையிலிருந்து வந்த பழைய எண் மேலே. கணக்கிட்ட எண் கீழே. பத்து முறை பார்த்தேன். இரண்டும் மனப்பாடமே ஆகிவிட்டன.

மலைக்குக் கோப்பையே அனுப்பிவிடுவதுதான் அங்கத்திய வழக்கமாம். தொலைநோக்கி தலைப்பகுதியைத் தானே படித்துத் திரும்பும். "கையால நம்பர் அடிச்சா தப்பு வரும்னு இந்த ஏற்பாடு அத்தை" என்றாள் மருமகள்.

அனுப்பியாயிற்று.

ஜூலை 14, காலை

இன்று. அங்கே நள்ளிரவாகும்போது இங்கே முற்பகல். மருமகள் காலை உணவைத் தொடவில்லை. நான் தொட்டேன், வேண்டுதலுக்குத் தெம்பு வேண்டாமா?

ஜூலை 14, மாலை

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கூட்ட அறையில் மருமகள், பூனைக்கால், ஒரு மூலையில் நான். சுவரில் பெரிய திரை. மலையில் தொலைநோக்கியை இயக்குபவர், அவரும் தமிழராம், தொலைபேசியில் இருந்தார். தூக்கம் தோய்ந்த, பண்பான குரல். முதற்படம் வந்தது.

"மேடம், உங்க ஆளை இங்க காணோமே?"

மருமகள் எழுந்து திரையருகே சென்றாள். தகட்டுப் படத்தின் அச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். "ஆளு மட்டும் இல்ல சார். சுத்தி இருக்கிற ஒரு மீனும் பொருந்தலை. இது எங்க இடமே இல்ல."

"நான் உங்க ஃபைல் சொன்ன இடத்துலதான் நிக்கிறேன்."

தொலைநோக்கிதான் வழுக்கிவிட்டதோ என்று அவர் அதை வேறொரு பிரகாசமான விண்மீனுக்குத் திருப்பிச் சோதித்தார். ஊசி முனை பிசகவில்லை. மறுபடி எங்கள் இடத்துக்குத் திருப்பினார். மறுபடி அந்நிய வானம். நேரம் ஓடுகிறது, கேட்பாரில்லாமல் ஓடுகிறது. மருமகளின் காது மடல் சிவந்துவிட்டது. அழுகையை அடக்கும்போது அவளுக்கு அங்கேதான் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னப்பா இது, ஏன் இப்படிப் பண்ற, அந்தப் பொண்ணு உன்கிட்ட என்ன கேட்டுச்சு —

"உங்ககிட்ட இருக்கிற நம்பரைப் படிங்க சார்" என்றாள் அவள்.

"இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு புள்ளி ஒண்ணு அஞ்சு."

"இல்லையே! இங்க புள்ளி நாலுன்னு காட்டுது."

இரண்டு எண்ணும் எனக்குத் தெரியும். இரண்டும் என் பிள்ளைகள். ஒன்று உறைமேல் இருந்தது. மற்றது நான் எழுதியது. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

எழுந்தேன். "ரெண்டுமே அந்த ஃபைல்லதாம்மா இருக்கு. மேல இருக்கிறது பழசு. அவரோட மெஷின் அதைப் படிச்சதும் நின்னுடுச்சு. நம்மளது கீழ வரைக்கும் போய்ப் படிச்சிருக்கு. நான்தான்... நான்தான் பழசை அழிக்காம விட்டேன்."

மருமகள் என்னைப் பார்த்த பார்வை — அதை எழுத வேண்டாம்.

தொலைபேசி கேட்டது, "யாருங்க பேசறது?"

"என் மாமியார்."

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி பாதியில் நின்றது. பிறகு, "ஐயோ பாவம் மேடம்" என்றார். யாரைச் சொன்னார் என்று விளங்கவில்லை. "சரி, எது சரியான நம்பர்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. கோப்பைத் திரும்ப அனுப்ப நேரமில்லை, கையாலேயே போட்டுடறேன்."

மருமகள் திரையை விட்டு விலகி எனக்கு வழிவிட்டாள். "சொல்லுங்க அத்தை."

சொன்னேன். கிழக்கு மேற்கு எண்ணைக் கடைசி இலக்கம் வரை. பிறகு வடக்கு தெற்கு எண்ணை. அவர் திருப்பிப் படித்தார். இன்னொரு முறை சொன்னேன். செய்யுள் ஒப்பிக்கும்போதுகூட எனக்கு நாக்கு இவ்வளவு உலர்ந்ததில்லை.

இரு எண்களுக்கும் இடைவெளி முழுநிலவில் பாதி அகலம். நமக்கு அது ஒன்றுமில்லை. அந்தத் தொலைநோக்கிக்கு அது அடுத்த ஊர். நகர்ந்து, நின்று, மறுபடி கண் திறந்தது. படம் மேலிருந்து கீழாக வரி வரியாய் இறங்கியது. மருமகள் அச்சைப் பிடித்தாள். இடப்பக்கத்து மூன்று மீன்கள் பொருந்தின. கீழ்க்கோடி இரட்டை பொருந்தியது. நடுவில் —

ஊசியால் தொட்டது போல் ஒரு நீலப்புள்ளி. அதைச் சுற்றி, கண்ணாடியில் ஊதிய மூச்சு போல் ஒரு வளையம்.

"அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பூனைக்கால் வாழ்நாளில் முதன்முறையாக எதையோ கீழே போட்டார். நல்லவேளை, பேனா.

வளையம்! யாரும் காணாமல் வெடித்து, யாருக்கும் சொல்லாமல் மங்கி, இத்தனை காலமும் தன் மூச்சைத் தானே போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. பெருமானே, நீ எண்ணாத புள்ளியும் உண்டோ?

ஆனால் பாதி நேரம் என்னால் போயிற்று. படம் கிடைத்தது. அவ்வொளியை நிறம் நிறமாகப் பிரித்து, புகை எத்தனை வேகத்தில் விரிகிறது என்று அளக்க நேரம் எஞ்சவில்லை.

ஜூலை 15

இரவெல்லாம் எண்ணிக் கலங்கியதைக் காலையில் மருமகளிடம் சொன்னேன். "நீ என்னைத் திட்டிடும்மா. திட்டாம இருக்கிறது எனக்குத் தாங்கலை."

அவள் ரொட்டியைக் கடித்தபடி யோசித்தாள். "நேத்து ஒரு பத்து நிமிஷம் நிஜமாவே உங்க மேல கொலைவெறி அத்தை."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த மனுஷன் 'ஐயோ பாவம் மேடம்'னாரே, அங்கேயே சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டுத்தான் நின்னேன்." இப்போது அடக்கவில்லை. மேசையில் தலை சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் தொடங்கிவிட்டேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எது எதற்கான கண்ணீர் என்று பிரித்தறியவில்லை.

என்னவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "நான் அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். முன்னாடி போர்டுல ஒரு ஊர்ப் பேர்தான் போடுவாங்க. பழைய ரூட்டு மேல பாசமா இருக்குன்னு அதையும் சேர்த்துத் தொங்க விட்டா ஜனம் எதை நம்பி ஏறும்?"

மாலையில் மகன் கப்பலிலிருந்து அழைத்தான். விஷயம் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. "அம்மா, ஒரே ஒரு உதவி. என் கப்பல் பக்கம் வந்துடாதீங்க."

ஜூலை 16

நான் தொட்ட எல்லாக் கோப்புகளிலும் இரண்டு வரி. எல்லாவற்றிலும்.

ஜூலை 20

பழைய வரிகளை அழிக்கும் வேலையைத் தொடங்கினேன். முதல் கோப்பிலேயே கை நின்றுவிட்டது. குளிரில் விறைத்த அந்த விரல்! அவர் பிழை செய்தார் என்பதற்காக அவர் அங்கே நின்றதே இல்லையென்று ஆகிவிடுமா?

மருமகள் பின்னால் வந்து நின்றதை அறியவில்லை. "எதுக்கு அழிக்கிறீங்க?"

"இயந்திரத்துக்கு ஒண்ணுதானேம்மா வேணும்?"

"ஒரே சொல்லுக்கு ரெண்டு மதிப்பு வச்சா, எதை எடுக்கிறதுன்னு விதியிலேயே சொல்லலை. ஒரு மெஷின் மேல உள்ளதை எடுக்கும், ஒண்ணு கீழ உள்ளதை. அதுதான் வினை. ஆனா பழசை எறியணும்னு யாரு சொன்னா?" விசைப்பலகையை இழுத்து, தலைப்பகுதியின் அடியில் ஒரு வரியைத் தொடங்கினாள். 'ஹிஸ்டரி' என்று ஒரு சொல். அதற்குப் பின் சமக்குறி இல்லை, மதிப்பு இல்லை. "இதுக்கப்புறம் என்ன வேணாலும் எழுதலாம் அத்தை. எத்தனை வரி வேணாலும் வரலாம். மெஷின் இதைத் தாண்டிப் போயிடும். மனுஷன் நின்னு படிப்பான்."

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

இயந்திரத்தோடு பழகுகிறவர்களுக்குப் பழைமை குப்பை என்று உள்ளுக்குள் ஓர் இறுமாப்பு எனக்கு இருந்தது, இன்று தெரிகிறது. முகமறியாத அம்மனிதர்கள், கூட்டம் கூடி இவ்விதிகளை வகுத்தபோதே, முந்தையவர்க்கென்று ஓர் இருக்கையைப் போட்டுவைத்திருக்கிறார்கள். மெய்க்கு ஒரே அரியணை. அதற்கு முன் இருந்தவர்க்கு அவையில் இடம். எங்கள் பதிப்பகத்தில் அடிக்குறிப்பு என்போம். அம்முகமறியாதவர்களின் குலம் தழைக்கட்டும்.

இன்று எழுதிய முதல் வரி: "உறையில் இருந்த எண் இது, படம் எடுத்தவர் கையெழுத்து, பின்னர்த் திருத்தப்பட்டது."

ஆகஸ்ட் 9

கோப்புகள் பாதி முடிந்தன. பூனைக்கால் உறைகளிலிருந்து வேறு செய்திகளும் படித்துச் சொல்கிறார். ஓர் உறையில், "மேகம். கால் மரத்துவிட்டது. இருப்பினும் எடுத்தேன்." அதையும் ஏற்றினேன்.

"இதெல்லாமா ஏத்துவீங்க?" என்றார்.

"எண்பது எழுத்துக்குள்ள அடங்குதே. அப்புறம் என்ன?"

ஆகஸ்ட் 13

நீலப்புள்ளியின் படத்தை இணைத்து மருமகள் ஐந்தாம் விண்ணப்பம் அனுப்பினாள். "உறுதியில்லாத இலக்கு" என்று இனி யாரும் சொல்ல இயலாது, முகமே பார்த்தாயிற்று. அனுப்பும் முன், "அத்தை, கோப்பைப் பாருங்க" என்று நாற்காலியை எனக்குத் தள்ளினாள். அப்பிழைக்குப் பின்னும் என்னை நம்பி நாற்காலி தள்ளுகிறாள். பார்த்தேன். ஒரே வரி.

ஆகஸ்ட் 30

கிடைத்தது. இம்முறை இரண்டு மணி நேரம்! சமையலறையில் மறுபடியும் சுற்றல். இம்முறை என்னவரையும் சேர்த்துச் சுற்றினோம். முழங்காலைப் பற்றி முறையிட்டுக்கொண்டே சுற்றினார்.

செப்டம்பர் 11

இன்று காலை அதே கூட்ட அறை. அதே குரல், இம்முறை விழிப்பாக. தொலைநோக்கியைத் திருப்பும் முன் கேட்டார், "மேடம், மாமியார் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு சார்."

"அவங்க இருந்தா நம்பரை ஒரு தடவை வாயால சொல்லச் சொல்லுங்க. இங்க எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படறாங்க."

சொன்னேன். மலைமேல் யாரோ கைதட்டினார்கள்.

முதற்படத்திலேயே நடுவில் வந்து அமர்ந்தது. மீதி நேரமெல்லாம் அதன் ஒளியைப் பிரித்து நிறங்களாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மருமகள் சொல்லச் சொல்ல, புகை விரியும் வேகமும் தெரிந்தது. ஒருவரும் பரபரக்கவில்லை. பூனைக்கால் ஜன்னலோரம் சாய்ந்து நின்று ஆப்பிள் தின்றார்.

பிற்பகலில் அங்கிருந்து வந்த புதுப்படத்தைக் காப்பகத்தில் சேர்க்கத் திறந்தேன். தலைப்பகுதியின் அடியில், மருமகள் சேர்த்த ஒரு வரி. இயந்திரம் தாண்டிப் போகும் வரி. "இடம் சரிபார்த்தவர்: அத்தை." என் முறையான பெயரை இடவில்லை. எண்பது எழுத்தில் பெரும்பகுதி வெற்றிடம்.

திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மூடி, சேமித்தேன்.

இந்த ஏட்டை என்றேனும் விரிக்கும் கண்களே, நீங்கள் யாராயினும் வாழ்க. நீங்கள் தேடும் புள்ளி தேடிய இடத்தில் கிட்டுக. பிசகினாலும் பொழுது முடியுமுன் வழி தெரிக. உம் இல்லத்தில் நெய்யும் நெருப்பும் குறையாதிருக்க. ஒருவர் பிழையை ஒருவர் சிரித்துக் கடக்கும் பேறு உம் மனையோர் அனைவர்க்கும் வாய்க்க. எல்லாவற்றுக்கும் இடமானவன் உங்கள் வாசலையும் அறிவான்.